‘இது என்ன?’ என்று மறுபடியும் கேட்கப் பழகுதல்

எங்கள் வீட்டில் இரவு எட்டரை மணிக்குக் குடும்ப ஜெபம். வேதாகமத்திலிருந்து சங்கீதம் ஒன்றை வாசித்து, கீர்த்தனை ஒன்றைப் பாடி, எல்லோரும் முழங்கால்படியிட்ட பிறகு நான் ஜெபத்தைத் தொடங்குவேன்: “இந்த நாள் முழுவதும் எங்களைக் கண்மணிபோலக் காத்து நடத்தின கிருபைக்காக ஸ்தோத்திரம்.” ஒரு நாள் இந்த வாக்கியத்தை ஒரே ஜெபத்துக்குள் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். சொன்ன எனக்கும் தெரியவில்லை, “ஆமென்” சொன்னவர்களுக்கும் தெரியவில்லை. பாய் விரிக்கும்போது என் மனைவிதான், “இன்னைக்கு ரெண்டு தடவை காத்து நடத்திட்டாரு போல” என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டுப் படுத்தேனே தவிர தூக்கம் வரவில்லை. அன்றைக்குக் கடவுள் எதிலிருந்து காத்தார், எதற்குள் நடத்தினார் என்று யோசித்துப் பார்த்தால், காலையில் என்ன பலகாரம் சாப்பிட்டோம் என்பதுகூட நினைவுக்கு வரவில்லை. காணாத ஒன்றுக்கு நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டுரை அந்த இரவுக்குப் பிறகு நாங்கள் கைக்கொண்ட ஒரு பழக்கத்தைப் பற்றியது. அன்றாட வாழ்வில் கிடைக்கும் நன்மைகளை நின்று கவனித்து, அவற்றைப் பெயர் சொல்லிக் கடவுளிடம் திருப்பிச் சொல்வதுதான் அது. இதில் புதுமை எதுவும் இல்லை. நம் சபைகளில் ஏற்கெனவே இருந்து, நாம் வேகத்தில் தவறவிட்டவைதான் பெரும்பாலும்.

யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில், பனி பெய்து மாறிய பிறகு வனாந்தரத்தின் தரையில் உருண்டையான ஏதோ ஒன்று கிடப்பதை இஸ்ரவேலர் பார்க்கிறார்கள்; அது இன்னதென்று அறியாமல் ஒருவரையொருவர் பார்த்துக் கேட்கிறார்கள். ‘இது என்ன?’ என்ற அந்தக் கேள்வியிலிருந்துதான், கடவுள் அவர்களுக்குத் தந்த அந்த உணவுக்கு மன்னா என்ற பெயரே வந்தது என்பார்கள். கொத்துமல்லி விதைபோல இருந்தது, வெண்மையாக இருந்தது, தேனிட்ட பணிகாரம்போல ருசித்தது என்று அந்த அதிகாரம் ஆசையோடு வர்ணிக்கிறது. எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்துக்கு வந்தால் அதே ஜனங்கள், இந்த மன்னாவைத் தவிர நம் கண்ணுக்கு முன்பாக வேறொன்றும் இல்லையே என்று அழுகிறார்கள். எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து ஏங்குகிறார்கள். அடிமைத்தனத்தில் கிடைத்த பூண்டின் ருசி நாவில் நிற்கிறது. வானத்திலிருந்து வந்தது சலித்துப்போகிறது. மன்னா மாறவில்லை, முன்போலவேதான் விழுந்துகொண்டிருந்தது. நின்றுபோனது அந்தக் கேள்வி மட்டுமே. ஆகவே நான் சொல்லப்போகும் பயிற்சியின் சாரம், கையில் இருக்கும் பழகிய ஒன்றைப் பார்த்து மறுபடியும் ‘இது என்ன?’ என்று கேட்பதுதான்.

ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

நாள் முழுவதும் விழிப்பாக இருப்பேன் என்று தீர்மானம் செய்யாதீர்கள். அது புத்தாண்டு ஆராதனையில் எடுத்த தீர்மானம்போலப் பொங்கலுக்குள் காணாமற்போகும். தினமும் நீங்கள் எப்படியும் செய்தே ஆகவேண்டிய, கைகளுக்கு வேலை இருந்து வாய்க்கும் மனதுக்கும் வேலை இல்லாத ஒரு சிறிய வேலையைத் தேர்ந்தெடுங்கள். பால் காய்ச்சுவது, வாசல் தெளிப்பது, துணி காயப்போடுவது, பிள்ளைக்குத் தலை பின்னிவிடுவது, பஸ்ஸுக்காக நிற்பது ஆகிய எதுவானாலும் சரி, ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்குக் கைப்பேசி வேறு அறையில் இருக்கவேண்டும்; சட்டைப்பையில் இருந்தாலும் மனம் அங்கேதான் போகும். கிறிஸ்தவப் பாட்டுகளை ஒலிக்கவிடுவதும் அந்த நேரத்துக்கு வேண்டாம் என்றே சொல்வேன். இதைச் சிலர் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் பாட்டைக் கேட்பது ஒன்று, பால் பொங்குவதைப் பார்ப்பது வேறொன்று.

நான் தேர்ந்தெடுத்தது தண்ணீர் பிடிப்பது. எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் வரும். முதலில் தண்ணீர் வராது, காற்றுதான் வரும். குழாய் தொண்டையைக் கனைப்பதுபோல இரண்டு மூன்று முறை கரகரத்து, கொஞ்சம் செந்நிறமாகத் துப்பிவிட்டு, அதன் பிறகுதான் தெளிவாக விழத் தொடங்கும். காலிக் குடத்தில் விழும்போது எழும் கனத்த ஓசை, குடம் நிறைய நிறைய மெலிந்து உயர்ந்துகொண்டே போய், கழுத்தருகே வந்ததும் சட்டென்று மாறும். குனிந்து பார்க்காமலே குடம் நிறைந்துவிட்டது என்று என் அம்மா எப்படிக் கண்டுபிடித்தார் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது. அதுவரை இந்த நேரத்தை நான் எரிச்சலோடு கழித்தேன். மோட்டார் போட்டு இழுக்கிற பக்கத்து வீட்டைப் பற்றி மனதுக்குள் வழக்கு நடத்திக்கொண்டிருப்பேன். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் இப்போது தண்ணீரின் ஓசையும் காதில் விழுகிறது.

முதல் வாரம் செய்யவேண்டியது இவ்வளவே. நன்றி சொல்ல அவசரப்பட வேண்டாம். பாருங்கள், கேளுங்கள், தொட்டுப்பாருங்கள். நேற்றுப் பார்க்காத ஒரு விவரமாவது கண்ணில் படும்வரை அந்தப் பொருளை விட்டு மனதை நகர்த்தாதீர்கள். காட்டுப்புஷ்பங்களைக் குறித்து இயேசு சொன்ன இடத்தில் “கவனித்துப்பாருங்கள்” என்ற வினைச்சொல்லைத்தான் நம் வேதாகமம் வைத்திருக்கிறது. கவலைப்படாதிருங்கள் என்ற கட்டளை நமக்கு நன்றாக மனப்பாடம். அதை எப்படிச் செய்வது என்று சொல்லும் இந்தச் சொல்லை வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

வந்த வழியே திரும்பிப் போங்கள்

இரண்டாவது வாரத்தில், அந்தப் பொருள் உங்கள் கைக்கு வந்த வழியைப் பின்னோக்கித் தொடர்ந்து செல்லுங்கள். எங்கள் குடத்துத் தண்ணீர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருகிறது. தொட்டிக்குத் தாமிரபரணியிலிருந்து வருகிறது, தாமிரபரணி பொதிகை மலையிலிருந்து வருகிறது, பொதிகைக்கு மழை இரண்டு பருவக்காற்றுகளாலும் வருகிறது. இந்த வழியில் வால்வைத் திறந்துவிட இருட்டிலே சைக்கிளில் வரும் ஒரு மனிதர் இருக்கிறார். மோட்டார் அறையில் விழித்திருக்கும் இன்னொருவர் இருக்கிறார். “தம்முடைய மேல்வீடுகளிலிருந்து பர்வதங்களுக்குத் தண்ணீர் இறைக்கிறார்” என்று 104ஆம் சங்கீதம் கடவுளைப் பற்றிச் சொல்கிறது. அந்த வசனத்தைச் சிறுவயதிலிருந்து வாசித்திருக்கிறேன். ஆயினும் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொண்டு குடத்தின் முன் குந்தியிருந்த ஒரு காலையில்தான் ‘இறைக்கிறார்’ என்ற சொல்லில் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று உறைத்தது. கிணற்றடியில் கயிறு இழுத்த கைகளுக்குத் தெரிந்த சொல் அது.

சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலில், “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்ற விண்ணப்பத்துக்கு விளக்கம் தரும்போது இந்தத் தொடரைத்தான் விரித்துக் காட்டுகிறார். ஆகாரம் என்றால் சோறு மட்டுமா? உடுப்பு, பாதரட்சை, வீடு, வயல், கால்நடை, பணம், நல்ல வாழ்க்கைத்துணை, நல்ல ஆட்சி, நல்ல பருவநிலை, சமாதானம், உண்மையான நண்பர்கள், நல்ல அயலகத்தார் என்று அவர் பட்டியல் நீள்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு இந்த ஞானோபதேசத்தைத் தமிழில் கொண்டுவந்ததால், நம் மண்ணின் லுத்தரன் சபைகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். பட்டியலில் செருப்பு இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைப் பார்த்து ஒருவர் அரை நிமிடம் நின்றால் அது தியானமாகாது என்று சொல்ல லூத்தர் இடம் வைக்கவில்லை.

பெயர் சொல்லி ஸ்தோத்திரியுங்கள்

இப்போதுதான் நன்றி. கத்தோலிக்கரானால் நன்றி என்பீர்கள், எங்களைப்போன்ற சீர்திருத்த சபையாரானால் ஸ்தோத்திரம் என்பீர்கள். சொல் எதுவானாலும் பொருள் குறிப்பாக இருக்கவேண்டும். 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களும் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்றே முடிகின்றன. அந்தப் பல்லவியைப் பிடித்துக்கொண்டு நாம், ஒவ்வொரு வரியின் முதல் பாதியும் எவ்வளவு குறிப்பானது என்பதைக் கவனிப்பதில்லை. சூரியன், சந்திரன், செங்கடல் என்று தொடங்கி, எமோரியரின் ராஜாவாகிய சீகோன், பாசானின் ராஜாவாகிய ஓக் என்று ஆள் பெயர் வரை சொல்லித்தான் அந்தச் சங்கீதக்காரன் நன்றி செலுத்துகிறான். நம் ஜெபங்களில் பல்லவி மட்டும் மிஞ்சியிருக்கிறது. “சுகம், பெலன், ஜீவன், சமாதானம் தந்தீரே, ஸ்தோத்திரம்” என்பது தவறான ஜெபம் அல்ல. ஆனால் அதை யாரும் எந்த நாளிலும் சொல்லிவிடலாம். “மூன்று நாள் இருமலுக்குப் பிறகு நேற்றிரவு அப்பா இடையில் எழாமல் தூங்கினார், ஸ்தோத்திரம்” என்பதை அந்த வீட்டில், அந்தக் காலையில் மட்டுமே சொல்லமுடியும்.

சாப்பாட்டு ஜெபத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். சோறு ஆறுமுன் ஒரே மூச்சில் முடித்துவிடும் அந்த ஜெபத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. பசித்த பிள்ளைகள் முன்னால் நீண்ட ஜெபம் செய்வது அன்பாகாது. மாறாக, சாப்பிட்ட பிறகு இன்னொரு முறை நன்றி சொல்லிப் பாருங்கள். உபாகமம் 8:10, புசித்துத் திருப்தியடைந்த பிறகு கர்த்தரை ஸ்தோத்திரிக்கும்படி சொல்கிறது. லூத்தரின் ஞானோபதேசத்திலும் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு ஜெபங்கள் உண்டு. வயிறு நிறைந்த பிறகு சொல்லும் நன்றியில், கீரை எப்படி இருந்தது என்பது தெரிந்தே சொல்கிறோம். கீரையை ஆய்ந்தவரையும் அங்கேயே பாராட்டிவிடலாம்.

கைப்பிடி அரிசி

கையால் செய்யும் ஒரு பழக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிதானமாகக் கவனிப்பதை எனக்குக் கற்றுத்தந்தது அதுதான். எங்கள் திருநெல்வேலிப் பகுதியின் சபைகளில், உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடும் வழக்கம் இருந்தது. சில வீடுகளில் இன்றும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் கட்டிக்கொண்டுபோய் ஆலயத்தில் கொட்டுவார்கள். காசு கையில் புழங்காத பெண்கள், யாரிடமும் கேட்காமல், தங்கள் ஆட்சிக்கு உட்பட்ட அடுப்படியிலிருந்து கொடுத்த காணிக்கை அது. மிசோரம் மாநிலத்துச் சபைகளிலும் பெண்கள் இதேபோல் பிடியரிசி எடுத்து ஊழியங்களைத் தாங்கிவருகிறார்கள்.

என் அம்மா அரிசியை முறத்தில் பரப்பிக் கல்லும் நெல்லும் பொறுக்குவார். உழக்கால் அளந்து பானையில் போட்ட பிறகு கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுப்பார். விரல் இடுக்கில் வழிவது வழியட்டும் என்று ஒரு கணம் பானையின் மேலேயே கையை நிறுத்தி, பிறகு கலயத்தில் விடுவார். அந்த ஒரு கணத்தில் உதடு அசையும். என்ன சொல்கிறார் என்று ஒருமுறை கேட்டேன். “இன்னைக்கும் பானையில அரிசி கெடந்துச்சுன்னு சொன்னேன்” என்றார். நாங்கள் அரிசி இல்லாத நாட்களையும் பார்த்த குடும்பம் என்பது எனக்குத் தெரியும். அம்மா அதைச் சொல்லிக்காட்டவில்லை.

இன்று உங்கள் வீட்டில் பாக்கெட் அரிசியாக இருக்கலாம், குக்கரில் வைக்கலாம்; பழக்கத்துக்கு அதனால் குறை வராது. மூடியுள்ள ஒரு டப்பாவை அரிசிப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள், அலமாரியில் வைத்தால் மறந்துபோகும். ஒரு பிடி எடுத்து, கையை ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, அன்றைக்குரிய ஒன்றைச் சொல்லி, டப்பாவில் விடுங்கள். உங்கள் சபையில் அரிசி வாங்குவதில்லை என்றால் மாதக் கடைசியில் அதைத் தேவையுள்ள ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்தப் பிடி வீட்டிலுள்ள நல்ல அரிசியிலிருந்தே வரட்டும். ரேஷன் அரிசியை டப்பாவுக்கும் பொன்னியை உலைக்கும் பிரிக்கிற கணக்கு நுழைந்தால், கவனம் வேறு எங்கோ போய்விடும்.

இரவில் நாளைத் திரும்பிப் பார்த்தல்

சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் (1491–1556), தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் நாளைத் திரும்பிப் பார்ப்பதற்கு ஐந்து படிகள் வகுத்திருக்கிறார்: பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுவது, தன்னை அறியும் அருளைக் கேட்பது, எழுந்த நேரம் முதல் மணிமணியாக நாளை ஆராய்வது, மன்னிப்புக் கேட்பது, திருந்த உறுதிகொள்வது. நன்றி முதலில், பாவம் பிறகு என்ற அந்த வரிசையை மாற்றாதீர்கள். நம் வீட்டுப் பக்தியில் பெரும்பாலும் குற்ற உணர்வுதான் முதலில் ஓடிவருகிறது. பெற்றதைப் பார்த்த பிறகு தவறைப் பார்த்தால், யாருடைய அன்புக்கு எதிராகத் தவறினோம் என்பதும் சேர்ந்தே தெரிகிறது.

செய்முறைக்கு வருவோம். படுக்கையில் செய்தால் தூங்கிவிடுவீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் உட்காருங்கள். காலை எழுந்தது முதல் ஒவ்வொரு மணியாக மனதில் நடந்து வாருங்கள். நல்லது எது என்று தேடவேண்டாம். எங்கே இருந்தேன், யார் இருந்தார்கள், என்ன வாசனை, என்ன ஓசை என்று மட்டும் நினைவுகூருங்கள். எங்காவது ஓரிடத்தில் மனம் தானாகவே நிற்கும். நின்ற இடத்தில் நீங்களும் நில்லுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதியிட்டு அதை ஒரே வரியாக எழுதிவிடுங்கள். மன்னாவில் ஒரு ஓமர் அளவைத் தலைமுறைகள் பார்க்கும்படி கலசத்தில் எடுத்துவைக்கக் கட்டளை இருந்ததுபோல, இந்த நோட்டும் ஒரு கலசம்தான். கிடைத்த எல்லாவற்றையும் அதில் அள்ளிப்போடத் தேவையில்லை. என் நோட்டில் இருப்பவை இப்படிப்பட்டவை: ‘டவுன் பஸ்ஸில் தெரியாத அம்மா ஒருவர் என் பையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.’ ‘மாமா பல மாதங்களுக்குப் பிறகு தாமாகவே போன் செய்தார், சண்டையைப் பற்றிப் பேசவில்லை, மழையைப் பற்றிப் பேசினார்.’ சனிக்கிழமை இரவில் அந்த வாரத்து வரிகளை ஒருமுறை வாசித்துவிட்டு ஞாயிறு ஆராதனைக்குப் போங்கள். “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்” என்ற வசனம் அன்று வெறுமையாக ஒலிக்காது.

இரண்டு எச்சரிக்கைகள்

நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்து நன்றி சொல்லப் பழகவேண்டும் என்று பலர் அறிவுரை சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்புதல் இல்லை. லூக்கா 18இல் ஆலயத்துக்குப் போன பரிசேயனின், அதாவது மதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட ஒருவனின், ஜெபமும் ஒரு ஸ்தோத்திர ஜெபம்தான்: வரி வசூலிக்கும் இந்த ஆயக்காரனைப்போல நான் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்கிறான். அவன் கண் கடவுளிடமும் இல்லை, பெற்ற நன்மையிடமும் இல்லை. பக்கத்தில் நிற்கிறவனிடம் இருக்கிறது. நடைபாதையில் படுத்திருப்பவரைப் பார்த்து, எனக்குக் கட்டில் தந்தீரே என்று ஜெபித்துவிட்டு நகர்ந்தால், அவருடைய துன்பம் நம் பக்திக்கு ஊறுகாயாகிவிடுகிறது. கட்டிலுக்கு நன்றி சொல்லக் கட்டிலையே பார்த்தால் போதும். அவரைப் பார்ப்பது வேறு ஒரு கடமை.

மற்றது, துக்க நாட்களைப் பற்றியது. என் அப்பா மருத்துவமனையில் இருந்த பதினோரு நாட்களில் நோட்டில் மூன்று வரிகள்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ‘ஃபேன் ஓடியது’ என்பது. பார்க்க வந்தவர்களில் ஒருவர் இந்த வியாதிக்காகவும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்றார், நான் சொல்லவில்லை. 88ஆம் சங்கீதம் ஒரு துதிச் சொல்லிலும் முடியாமல் இருளிலேயே முடிகிறது, அதையும் வேதாகமத்தில்தான் வைத்திருக்கிறார்கள். எழுத ஒன்றும் இல்லாத நாளில் தேதியை மட்டும் எழுதி மூடிவையுங்கள். வெறும் தேதியும் அந்த நோட்டில் இருக்கத் தகுந்ததே.

வீட்டாரோடு செய்வதானால்

குடும்ப ஜெபத்தில் இதைக் கொண்டுவரும்போது ஒருவருக்கு ஒரு வாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீட்டினால் அடுத்தவர் போட்டி போடுவார், போட்டி வந்தால் நன்றி போய்விடும். பிள்ளைகள் சொல்வதைத் திருத்தாதீர்கள். என் மகன் ஒரு வாரம் முழுவதும் பள்ளி வாசலில் விற்கும் நெல்லிக்காய்க்காகவே ஸ்தோத்திரம் சொன்னான். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய விதத்தை நாளுக்கு நாள் கூடுதல் நுணுக்கத்தோடு சொன்னான். அந்த வீட்டில் அந்த வாரம் நன்றாகக் கவனித்தவன் அவன் ஒருவனே. யாருக்காவது சொல்ல எதுவும் இல்லை என்றால், “இன்னைக்கு எனக்கு ஒண்ணும் இல்லை” என்று சொல்லிவிடலாம் என்பதை முதல் நாளே பேசி வையுங்கள். எங்கள் வீட்டில் அதை அதிகமாகச் சொல்பவர் என் அம்மா. சொல்லிவிட்டு, மற்றவர்கள் முடிக்கும்வரை காத்திருந்து, கடைசியில் மெல்ல ஒன்றைச் சேர்ப்பார். நேற்று அது குழாயில் காற்று வராமல் நேராகத் தண்ணீர் வந்ததைப் பற்றியது.